ரோமில் நடந்துகொண்டே சாப்பிட

காலையில் காபி பாரில் உட்காராதீர்கள். கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை. அதே காபி மேசைக்கு வந்தால் பல இடங்களில் இரண்டு மடங்கு. சில பார்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டினால்தான் காபி தருவார்கள்.

மதியத்துக்கு 'பீட்சா அல் தாலியோ', அதாவது பீட்சாவை வெட்டி விற்கும் கடைதான் சரி. எடை போட்டு விற்பார்கள். பலகையில் 'எத்தோ' என்று இருந்தால் அது 100 கிராம் விலை. அதை ஒரு துண்டின் விலை என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். இரண்டு மூன்று வகையில் சின்னச் சின்னத் துண்டாக வாங்குங்கள். பக்கத்திலேயே 'சுப்ளி' என்ற பொரித்த சோற்று உருண்டை இருக்கும். சூடாகப் பிட்டால் உள்ளே இருக்கும் சீஸ் நூலாக இழுபடும், அருமை! ஆனால் வழக்கமான சுப்ளியில் இறைச்சி உண்டு. சைவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவோர 'நசோனி' குழாய்களில் நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் ஓடும். கீழ்வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலுள்ள சிறு துளை வழியே நீர் மேலே பீறிடும், அப்படியே குடிக்கலாம்.

மாலையில் காம்போ தே ஃபியோரி சதுக்கத்திலிருந்து சிஸ்டோ பாலம் வழியாகத் திராஸ்தேவெரே பகுதி வரை நடங்கள், கால் மணி நேரம் போதும். பாதை கருங்கல் பாவியது, மெல்லிய அடிச் செருப்பு காலைப் பதம் பார்த்துவிடும். நகரின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டுக்குப் போனால், அதில் மட்டும் உட்கார வேண்டாம். 2019 முதல் அபராதம் உண்டு.