சின்னத் தியேட்டரில் நல்ல படம் பார்க்க

சுயாதீனத் திரையரங்குகளில் பல படங்கள் ஒன்றிரண்டு காட்சிதான் ஓடும். விமர்சனம் வரட்டும் என்று காத்திருந்தால் படம் போய்விடும். மாத அட்டவணை வந்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

அட்டவணையில் ‘டிசிபி’ என்றிருந்தால் டிஜிட்டல். ‘35 எம்எம்’ என்றால் ஃபிலிம் பிரிண்ட். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் பிரிண்டுக்கே போங்கள், அது அரிது. ஒரு ரீல் சுமார் 20 நிமிடம். இரண்டு புரொஜெக்டரில் மாற்றி மாற்றி ஓட்டும்போது, ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் சின்னப் புள்ளி மின்னும்: அடுத்த இயந்திரத்தைக் கிளப்பச் சொல்லும் குறி. ஏறக்குறைய 7 நொடியில் இன்னொன்று வரும். அப்போது படம் அடுத்த இயந்திரத்துக்கு மாறும். பிரிண்டில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

பழைய அரங்குகளில் தரைச் சரிவு குறைவு. முன்னிருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்கும் என்பதால் நடைபாதையை ஒட்டிய இருக்கை நல்லது. ஒலிதான் முக்கியம் என்றால் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில்.

1.37 விகிதப் பழைய படத்துக்கு (அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு) இருபுறமும் கறுப்பு விழுவது சரியே. தலைகள் வெட்டுப்பட்டாலோ எழுத்து மங்கினாலோ உடனே வெளியே போய் ஊழியரிடம் சொல்லுங்கள். புரொஜெக்டர் அறையில் அப்போது ஆளே இல்லாமல் இருக்கலாம்.