கன்னியாகுமரி குடும்பச் சுற்றுலா: வேன் பேசும் முன்

போன வாரம் சகலை வாட்ஸ்அப்பில் ஒரு திட்டம் அனுப்பியிருந்தார். மே மாத லீவில் கன்னியாகுமரி, இரண்டு குடும்பம், மூன்று நாள். நடு நாளுக்கு மட்டும் ஒன்பது இடம்: சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வட்டக்கோட்டை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, முட்டம், கடைசியில் முக்கடல் சங்கமத்தில் அஸ்தமனம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2011-இல் ஒரு டைரித் தாளில் நான் எழுதிவைத்த பட்டியலும் வரிசை மாறாமல் இதேதான்.

அதற்குப் பிறகு மதுரையிலிருந்து அநேகமாக ஆண்டுக்கு ஒரு தடவையாவது அங்கே போய்வருகிறோம். தொப்பி எடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுங்கள் என்று ஆரம்பிக்க மாட்டேன், அதெல்லாம் வீட்டில் அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் காசையும் நாளையும் தொலைத்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஊரிலிருந்தே வேன் பேசிக்கொண்டு போவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

2011-இல் போனபோது நாங்கள் பன்னிரண்டு பேர். "குழந்தை குட்டியோட பஸ்ஸுல அலைய முடியுமா, வேன்தான் வசதி" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். கிலோமீட்டருக்கு 16 ரூபாய், டிரைவர் பேட்டா தனி. மலிவாகத்தான் தெரிந்தது. நாளொன்றுக்கு மினிமம் 250 கிலோமீட்டர் என்று வண்டிக்காரர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மதுரையிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 245 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள், அதில் மினிமம் சரியாகப் போய்விடும். இடிப்பது நடு நாள். குமரி சின்ன மாவட்டம், எதுவும் தூரமில்லை. அன்றைக்கு எங்கள் வேன் ஓடியது 85 கிலோமீட்டர்தான். மொத்தம் 575. பில் 750-க்கு. ஓடாத 175 கிலோமீட்டருக்கு 2,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தோம். அதன்மேல் மூன்று நாள் பேட்டா, டோல், பார்க்கிங். போகும் இடமெல்லாம் பார்க்கிங் சீட்டோடு ஒருவர் ஜன்னலைத் தட்டுவார்.

காசு போனதைக்கூட மறந்துவிடலாம். வாசலில் வேன் நிற்கிறது என்றால் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். "வண்டி சும்மாதானே நிக்குது, இன்னொரு இடம் பார்த்துட்டு வந்துருவோம்." விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகு வரிசையிலிருந்து வெளியே வரும்போதே மணி இரண்டு. மூன்று மணி வெயிலில் வட்டக்கோட்டை. அங்கே கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, கோட்டைச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரை நானே கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன். சுசீந்திரம் போனால் நடை சாத்தியிருந்தது, திறக்கும்வரை நிற்கப் பொறுமையில்லை. பத்மநாபபுரம் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் கவுன்டர் மூடியாகிவிட்டது. சரி, அஸ்தமனமாவது பார்ப்போம் என்று திரும்பி வந்தால் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டது. ஒன்பதில் ஐந்துக்குப் போனோம், அந்த ஐந்தில் இரண்டைப் பூட்டிய கதவோடு பார்த்தோம். இரவு, டிரைவர் காட்டிய ஹோட்டலில் சாப்பாடு. விலை அதிகம், சாம்பார் தண்ணீர். அவரைக் குறை சொல்லி என்ன, அவருக்கு அங்கே சாப்பாடு இலவசம்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். நாகர்கோவில் வரை ரயில். அறையும் நாகர்கோவிலிலேயே. கடல் தெரிகிற அறைக்குக் கொடுக்கிற கூடுதல் வாடகையில் பாதி நேரம் ஜன்னலில் தெரிவது பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி. உதயம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு இரவு கன்னியாகுமரி முனையில் தங்கினால் போதும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர், பஸ் வந்துகொண்டே இருக்கும், சுசீந்திரம் அதே வழியில். அரண்மனைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறித் தக்கலையில் இறங்கினால் மிச்சம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். 2021-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் வீட்டில் மனைவி, மாமியார், இரண்டு மகள்கள், நான். ஐந்து பேர் ஏறினால் ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு. எது சாதாரணக் கட்டண பஸ் என்று ஏறும்முன் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிவிட்டு வாதாடக் கூடாது.

மாத்தூர், திற்பரப்பு போகிற ஒரு நாளைக்கு மட்டும் உள்ளூர் கார் பேசுவோம். அந்தப் பக்கம் பஸ் மாறி மாறிப் போவது குழந்தைகளுக்குச் சிரமம்தான். மூட்டுவலிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்தால் வேனே சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்போதுகூட மினிமம் கிலோமீட்டரைப் பேசிக் குறைத்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

படகுத்துறைக்குப் பதினோரு மணிக்குப் போவது

பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நாலு மணிவரை. உதயம் பார்த்துவிட்டு அறைக்குப் போய்க் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒரு கண் தூங்கி, பிறகு வருகிறவர்கள்தான் அந்த நீண்ட வரிசை. உதயம் முடிந்த கையோடு ஏழரைக்கு வரிசையில் நின்றுவிடுங்கள், இட்லியை ஒருவர் போய் வாங்கி வரட்டும். வரிசையைத் தாண்ட சிறப்பு டிக்கெட் உண்டு, அதன் விலை சாதாரண டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. பாறையில் இறங்கியதும் நுழைவுச்சீட்டு தனி.

2011-இல் திருவள்ளுவர் சிலைக்குப் படகு போகவில்லை. பாறையில் நின்றபடியே 133 அடியையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். 2024 டிசம்பர் 30-இல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, பாறைக்குப் போய்விட்டால் சிலைக்கு நடந்தே போகலாம். என் சின்ன மகள் கண்ணாடிமேல் கால் வைக்க மாட்டேன் என்று ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கடந்தாள். காற்று பலமாக இருந்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். அதனால் பாறையைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், முதல் நாள் நடக்காவிட்டால் மறுநாள் இருக்கும்.

திங்கட்கிழமை

அரண்மனைக்கு விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை.

மே மாதத்தில் சங்கமத்தில் அஸ்தமனம்

உதயமும் அஸ்தமனமும் ஒரே கடலில் என்று படித்துவிட்டுக் கோடை லீவில் கிளம்பி வருகிறார்கள். அது ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கோடையில் சூரியன் வடமேற்கே தள்ளி இறங்கும், முனையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் நிலம்தான் இருக்கிறது. எங்களுக்கு அன்றைக்கு நடந்தது இதுதான். மே மாதம் போனால் மாலையை முட்டத்தில் வையுங்கள். அங்கே கரை மேற்கே பார்த்து வளைகிறது, பாறைமேல் உட்கார்ந்தால் சூரியன் கடலில் இறங்குவது தெரியும். அலை அடிக்கிற பாறை மட்டும் வேண்டாம், மேலே உட்காருங்கள்.

கார்த்திகை, மார்கழி

ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அறை வாடகை ஏறிவிடும், படகு வரிசையும் நீளும்.

கடலில் குளிப்பது

வேண்டாம். அமைதியாகத் தெரிகிற கடலில் திடீரென்று பெரிய அலை எழுவதை இந்தப் பக்கத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் அலை கொண்டுபோனது. காலை நனைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். குளிக்கத் திற்பரப்பு இருக்கிறது, மாற்றுத்துணி அந்த நாளுக்கு மட்டும் போதும்.

மதியம் கோயிலுக்குப் போவது

நடை சாத்தியிருக்கும். காலையிலோ மாலையிலோ போங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், அதற்குக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்ற ஒருவர் எங்கள் கூட்டத்திலேயே உண்டு.

மாத்தூரில் மேலே மட்டும் நடந்துவிட்டுத் திரும்புவது

115 அடி உயரம் என்பது மேலே நின்றால் தெரியாது. படியிறங்கிக் கீழே போய்த் தூணடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே ஒரு தொட்டியில் தண்ணீர் ஆற்றைக் கடந்து போகிறது என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரியும். ஏறி வர மூச்சு வாங்கும், பெரியவர்கள் மேலேயே இருக்கட்டும்.

முனையிலேயே மூன்று வேளையும் சாப்பிடுவது

நாகர்கோவிலுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும் கேளுங்கள். சாயங்காலம் ரசவடை. வழிக்கடைகளில் மட்டிப்பழம் தொங்கும், விரல் நீளம்தான் இருக்கும், வாசனை தெருவரைக்கும் வரும். ஊருக்கென்று சீப்புச் சீப்பாக வாங்கிப் பைக்குள் அமுக்காதீர்கள். நாங்கள் வாங்கிய மூன்று சீப்பும் திருநெல்வேலி தாண்டுமுன் கூழாகி, மாமியாரின் பட்டுப்புடவையில் இறங்கிவிட்டது.