பிரவுசர் மாற்றுவது எப்படி? புக்மார்க், பாஸ்வேர்டு, டீஃபால்ட் எல்லாவற்றையும் சேர்த்து

புதிய பிரவுசரை இன்ஸ்டால் செய்தாயிற்று. ஆனால் மெயிலில் வந்த லிங்கைத் தட்டினால் பழைய பிரவுசர்தான் திறக்கிறது. பிரவுசருக்குள் போய் "மேக் டீஃபால்ட்" பட்டனை அழுத்தியும் மாறவில்லை. முதன்முதலாக பிரவுசர் மாற்றுபவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

எந்த பிரவுசர் டீஃபால்ட் என்பதை முடிவு செய்வது பிரவுசர் இல்லை. அது விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியவற்றின் வேலை. பிரவுசரில் இருக்கும் பட்டன் பெரும்பாலும் அந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்துவிடும், அல்லது மாற்றலாமா என்று ஒரு கேள்வியை எழுப்பும். மீதியை நீங்கள்தான் முடிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். டீஃபால்ட் பிரவுசர் வேறு, டீஃபால்ட் சர்ச் எஞ்சின் வேறு, ஹோம் பேஜ் வேறு. வெளியிலிருந்து தட்டும் லிங்க் எதில் திறக்கிறது என்பது முதலாவது. முகவரிப் பட்டையில் எழுதும் சொல்லை யார் தேடித் தருகிறார்கள் என்பது இரண்டாவது. பிரவுசரைத் திறந்ததும் எந்தப் பக்கம் வருகிறது என்பது மூன்றாவது. பின்னால் சொல்லும் இரண்டும் பிரவுசருக்கு உள்ளேயே மாற்றக்கூடியவை. "கூகுள் போய் பிங் வந்துவிட்டது" என்றால் டீஃபால்ட் பிரவுசரைத் தொட வேண்டாம். அந்த பிரவுசரின் செட்டிங்ஸில் சர்ச் எஞ்சினை மாற்றினால் போதும்.

(மெனு பெயர்களை ஆங்கிலத் திரையில் வரும் உச்சரிப்பிலேயே தந்திருக்கிறோம்.)

முதலில் சாமான்களை மாற்றுங்கள்

டீஃபால்ட்டை மாற்றும் முன் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் புதிய பிரவுசருக்கு வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே ஏதோ ஒரு தளத்தில் லாகின் செய்ய முடியாமல் பழையதுக்கே திரும்பிவிடுவீர்கள்.

1. பழைய பிரவுசரை முழுவதுமாக மூடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்கள் பூட்டப்பட்டிருக்கும். இம்போர்ட் (பழைய பிரவுசரின் தரவைப் புதியதுக்குள் எடுத்து வருவது) பாதியில் நின்றுவிடலாம். சில பிரவுசர்கள் ஜன்னலை மூடிய பிறகும் பின்னணியில் ஓடும். விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஐகான்களில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

2. புதிய பிரவுசரில் இம்போர்ட் பகுதியைத் திறங்கள். ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், இம்போர்ட் பிரவுசர் டேட்டா. எட்ஜில் செட்டிங்ஸ், ப்ரொஃபைல்ஸ், இம்போர்ட் பிரவுசர் டேட்டா. குரோமில் செட்டிங்ஸில் யூ அண்ட் கூகுள், அதில் இம்போர்ட் புக்மார்க்ஸ் அண்ட் செட்டிங்ஸ்.

3. பழைய பிரவுசரில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரொஃபைல் (தனித்தனி புக்மார்க், பாஸ்வேர்டு வைத்திருக்கும் பயனர் பகுதி) இருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். "இம்போர்ட் ஆனது, ஆனால் ஒன்றுமே இல்லை" என்றால், காலியாகக் கிடந்த ப்ரொஃபைல் தேர்வாகியிருக்கும்.

4. புக்மார்க் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள். சந்தேகத்தில் இன்னொரு தடவை இம்போர்ட் கொடுத்தால் ஒவ்வொரு புக்மார்க்கும் இரண்டிரண்டாக நிற்கும்.

நேரடி இம்போர்ட் வேலை செய்யாவிட்டால் புக்மார்க்கை எச்டிஎம்எல் ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் கண்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பட்டியல் திறக்கும். அங்கே எக்ஸ்போர்ட் இருக்கும். இந்த ஃபைலை எல்லா பிரவுசர்களும் படிக்கும். மாற்றும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

பாஸ்வேர்டு: இங்கே மட்டும் நிதானம்

பாஸ்வேர்டுகள் இம்போர்ட்டில் சில சமயம் வராது. பழைய பிரவுசர் அவற்றை மறையாக்கம் செய்து வைத்திருப்பதால் வேறொரு நிரலால் படிக்க முடியாமல் போகும். அப்போது உள்ள வழி சிஎஸ்வி ஃபைல், அதாவது வெறும் எழுத்தாக இருக்கும் ஒரு பட்டியல். குரோமில் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ் என்பதை அழுத்தினால் கணினியின் பின் எண்ணைக் கேட்டுவிட்டு ஃபைலைத் தரும். அதைப் புதிய பிரவுசரின் பாஸ்வேர்டு பகுதியில் இம்போர்ட் செய்யுங்கள்.

அந்த ஃபைலில் உங்கள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வெறும் எழுத்தாகவே இருக்கும். யார் திறந்தாலும் படிக்கலாம். ஆகவே:

- மெயிலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பாதீர்கள், உங்களுக்கு நீங்களே அனுப்புவதுகூட வேண்டாம்.
- எக்ஸலில் திறந்து பார்த்து சேவ் செய்யாதீர்கள். 00451 என்ற பாஸ்வேர்டை எக்ஸல் எண்ணாக நினைத்து 451 ஆக்கிவிடும். சமக்குறியில் தொடங்கும் பாஸ்வேர்டை ஃபார்முலா என்று எடுத்துக்கொள்ளும். பிறகு இம்போர்ட் செய்தால் தவறான பாஸ்வேர்டுதான் உள்ளே போகும், ஏன் என்றும் தெரியாது.
- வேலை முடிந்ததும் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். டெஸ்க்டாப் அல்லது டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவ் போன்ற கிளவுடுக்கு ஏறும்படி அமைத்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும். அதையும் அங்குள்ள குப்பைத் தொட்டியையும் மறக்க வேண்டாம்.

இம்போர்ட்டில் பொதுவாக வராதது குக்கீ, அதாவது நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கத் தளங்கள் பிரவுசரில் போடும் சிறு குறிப்பு. அதனால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். "இந்தக் கணினியை நம்பு" என்று முன்பு கொடுத்த அனுமதியும் குக்கீயில்தான் இருந்தது. எனவே ஓடிபி கேட்கும். பதிவு செய்த மொபைல் எண் கையில் இருக்கும் நாளாகப் பார்த்து மாறுங்கள்.

எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் வசதி நிரல்கள்) பெரும்பாலும் புதிதாகப் போட வேண்டும். எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஆகியவை குரோமின் அடிப்படையான குரோமியத்தில் கட்டப்பட்டவை என்பதால் குரோம் வெப் ஸ்டோரில் இருப்பவை அவற்றிலும் ஓடும். ஃபயர்பாக்ஸுக்குத் தனிக் கடை. அதே எக்ஸ்டென்ஷன் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மொபைலில் பிரவுசருக்கு பிரவுசர் நேரடி இம்போர்ட் அரிது. கணினியில் இம்போர்ட் செய்து, அதே பிரவுசரை மொபைலில் போட்டு, ஒரே அக்கவுண்டில் லாகின் செய்து சிங்க் (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி இணைப்பது) கொடுப்பதுதான் சுலபம்.

விண்டோஸ் 11

1. செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ்.
2. கீழே வரும் பட்டியலில் புதிய பிரவுசரின் பெயரைத் தட்டுங்கள்.
3. திறக்கும் பக்கத்தின் உச்சியில் "செட் டீஃபால்ட்" பட்டன் இருக்கும். அழுத்தினால் பக்கத்தில் ஒரு டிக் விழும்.

2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது இந்த பட்டன் இல்லை. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், எச்டிஎம், எச்டிஎம்எல் என்று லிங்க் வகைகளையும் ஃபைல் வகைகளையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. 2022-இல் அப்டேட் வழியாக பட்டன் வந்தது. பட்டன் காணவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட் பாக்கியிருக்கிறது. அந்தப் பழைய வரிசைகள் இப்போதும் பட்டனுக்குக் கீழே இருக்கின்றன, அவற்றைக் கவனிப்பது வீண் வேலை இல்லை. பட்டன் மாற்றுவது முக்கியமான சில வகைகளை மட்டுமே. பிடிஎஃப் பழைய இடத்திலேயே நிற்கலாம். "பிரவுசரை மாற்றிவிட்டேன், பிடிஎஃப் மட்டும் எட்ஜில் திறக்கிறது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். பிடிஎஃப் வரிசையைத் தட்டி, வேண்டிய நிரலைத் தேர்ந்தெடுத்து, செட் டீஃபால்ட் கொடுங்கள்.

விண்டோஸ் 10-இல் அதே டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் "வெப் பிரவுசர்" என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழுள்ள பெயரைத் தட்டி மாற்றுங்கள். "மாற்றும் முன் எட்ஜைப் பாருங்களேன்" என்ற மாதிரி ஒரு பெட்டி வந்தால் "ஸ்விட்ச் எனிவே" என்பதைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் புதிய பிரவுசரின் பெயரே இல்லையா? இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் போர்ட்டபிள் பதிப்பு விண்டோஸில் தன்னைப் பதிவு செய்துகொள்ளாது. அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி மறுபடி போடுங்கள்.

மேக்

மேக்ஓஎஸ்ஸின் வெஞ்சுரா பதிப்பு முதல்: சிஸ்டம் செட்டிங்ஸ், டெஸ்க்டாப் அண்ட் டாக், கொஞ்சம் கீழே இறங்கினால் "டீஃபால்ட் வெப் பிரவுசர்". பிரவுசரை டாக் செட்டிங்ஸில் யார் தேடுவார்கள்? ஆனால் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். மான்டெரி பதிப்பும் அதற்கு முந்தியவையும் என்றால் சிஸ்டம் ப்ரிஃபரன்சஸ், ஜெனரல்.

ஆண்ட்ராய்டு

செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப். சாம்சங் போனில் நடுவில் "சூஸ் டீஃபால்ட் ஆப்ஸ்" என்று இருக்கும். மற்ற போன்களில் இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் டீஃபால்ட் என்று எழுதினால் வந்துவிடும்.

ஐபோன்

ஐபோனில் சஃபாரியைத் தவிர வேறொன்றை டீஃபால்ட்டாக வைக்க முடிந்ததே 2020-இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகுதான். ஐஓஎஸ் 18.2 முதல்: செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப். அதற்கு முந்தைய பதிப்புகளில் செட்டிங்ஸில் அந்த பிரவுசரின் பெயரைத் தட்டி "டீஃபால்ட் பிரவுசர் ஆப்" என்பதில் மாற்ற வேண்டும். டீஃபால்ட்டாக வைத்த பிரவுசரை நீக்கினால் போன் தானாக சஃபாரிக்குத் திரும்பிவிடும். மறுபடி இன்ஸ்டால் செய்தால் டீஃபால்ட்டையும் மறுபடி கொடுக்க வேண்டும்.

மாறியதா என்று சோதிப்பது

புதிய பிரவுசருக்குள் லிங்கைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அது அங்கேயேதான் திறக்கும். வெளியிலிருந்து தட்ட வேண்டும். விண்டோஸில் எல்லா பிரவுசர்களையும் மூடிவிட்டு, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முழு முகவரி ஒன்றை ஒட்டி எண்டர் கொடுங்கள். திறப்பது எதுவோ அதுதான் உங்கள் டீஃபால்ட். மொபைலில் எஸ்எம்எஸ்ஸில் வந்த, உங்களுக்குத் தெரிந்த லிங்க் ஒன்றைத் தட்டிப் பாருங்கள்.

மாற்றியும் மாறவில்லை என்றால்

விண்டோஸின் ஸ்டார்ட் மெனு தேடலில் வரும் இணைய முடிவுகளும் விட்ஜெட் செய்திகளும் பல நாடுகளில் எட்ஜில்தான் திறக்கும். அவை சாதாரண லிங்க் இல்லை, எட்ஜை நேரடியாகக் கூப்பிடும் தனி வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் அங்கே நிலைமை வேறு. மற்ற இடங்களில் டீஃபால்ட்டை எத்தனை தடவை மாற்றினாலும் இது மாறாது என்று தெரிந்தால் வீணாக அலைய வேண்டாம்.

அவுட்லுக் மட்டும் பழையதைத் திறந்தால், கணினியில் இன்ஸ்டால் செய்த அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போங்கள். லிங்குகளை எதில் திறப்பது என்று தனி அமைப்பு இருக்கும். அதை டீஃபால்ட் பிரவுசருக்கு மாற்றுங்கள்.

மொபைலில் ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை லிங்கைத் தமக்குள்ளேயே திறக்கும். ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் செட்டிங்ஸ், ஜெனரல் செட்டிங்ஸ் போய் லிங்கை ஜிமெயிலுக்குள் திறக்கும் டிக்கை எடுத்துவிடலாம். ஐபோன் ஜிமெயிலில் எந்த பிரவுசர் என்று தேர்ந்தெடுக்கத் தனிப் பட்டியலே உண்டு. மற்றவற்றில் மூன்று புள்ளி மெனுவில் "ஓபன் இன் பிரவுசர்" என்று கொடுக்கலாம். யூடியூப் லிங்க் யூடியூப் ஆப்பில் திறப்பதும் பிரவுசர் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் "ஓபன் பை டீஃபால்ட்" என்பதை அணைத்தால் பிரவுசருக்கு வரும்.

அலுவலகக் கணினியில் நேற்று மாற்றியது இன்று காலை பழையபடி ஆகிவிட்டதா? அலுவலகத்தின் ஐடி பிரிவு கணினிக்கு வைத்த நிர்வாகக் கொள்கை அதைத் திருப்பி வைத்திருக்கலாம். குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று தெரிந்தால் ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். சொந்தக் கணினியில் அந்த வரி தெரிந்தால் ஆன்டிவைரஸோ வேறு ஏதாவது நிரலோ உள்ளே கை வைத்திருக்கலாம். அண்மையில் போட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ரீசெட்: இரண்டு பட்டன்கள், இரண்டு விளைவுகள்

விண்டோஸின் டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தின் அடியில் ஒரு "ரீசெட்" இருக்கிறது. அது பிரவுசரை மட்டும் மீட்டமைப்பதில்லை. படம், பாட்டு, வீடியோ, மெயில் என எல்லா வகைகளையும் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் நிரல்களுக்குத் திருப்பிவிடும், பிரவுசர் எட்ஜாகும். டீஃபால்ட்டுகள் ஒட்டுமொத்தமாகக் குழம்பிப்போனால் தவிர அதைத் தொட வேண்டாம்.

பிரவுசருக்குள் இருக்கும் ரீசெட் வேறு. விளம்பரம் துள்ளுகிறது, தேடல் எங்கோ போகிறது என்றால் இதுதான் மருந்து. குரோமிலும் எட்ஜிலும் செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ். இதில் எக்ஸ்டென்ஷன்கள் முடக்கப்படும், குக்கீ போகும், சர்ச் எஞ்சினும் தொடக்கப் பக்கமும் ஆரம்ப நிலைக்கு வரும். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். ஃபயர்பாக்ஸில் இதற்குப் பெயர் ரிஃப்ரெஷ். ஹெல்ப் மெனுவில் மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை முடக்காமல் நீக்கியே விடும். பழைய தரவை டெஸ்க்டாப்பில் "ஓல்டு ஃபயர்பாக்ஸ் டேட்டா" என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கும். அதை உடனே அழித்துவிடாதீர்கள்.

பழைய பிரவுசரை எப்போது நீக்கலாம்?

இரண்டு, மூன்று வாரம் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் தளங்களின் பாஸ்வேர்டு வந்து சேர்ந்ததா என்பது அப்போதுதான் தெரியும். பாஸ்கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகின் செய்ய உதவும் டிஜிட்டல் சாவி) பழைய பிரவுசரின் அக்கவுண்டில் சேமித்திருந்தால் அது சிஎஸ்வி ஃபைலில் வராது. அந்தத் தளங்களில் பழைய பிரவுசர் வழியாக உள்ளே போய், புதியதில் வேலை செய்யும் பாஸ்கீயைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் குரோமை நீக்கும்போது "பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா" என்று ஒரு டிக் பெட்டி வரும். வேறு யாராவது பயன்படுத்தப்போகும் கணினி என்றால் டிக் போடுங்கள். உங்கள் கணினியே என்றால் போடாமல் நீக்குங்கள். மறுபடி குரோமை இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.