இருவராக ஒரு பால்டிக் கப்பல் பயணம்: பதிவு செய்வதிலிருந்து இறங்கும் வரை

வடக்கு ஐரோப்பாவின் பால்டிக் கடலில் போகும் கப்பல் பயணங்களின் விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: கோபன்ஹேகன், பெர்லின், தாலின், ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், மறுபடியும் கோபன்ஹேகன். ஏழு இரவு, இரண்டு பேருக்கு இவ்வளவு ரூபாய். ஆனால் பெர்லினில் கடலே கிடையாது. கப்பல் நிற்பது வார்னமுண்டே என்ற ஊரில். அங்கிருந்து பெர்லினுக்குப் போகவே மூன்று மணி நேரம் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நகரத்தின் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். கப்பல் வந்து சேரும் துறையின் பெயரையும் அங்கே நிற்கும் நேரத்தையும் பார்த்து எடுங்கள்.

படி 1: மாதம்

கப்பல்கள் ஓடுவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் ஸ்டாக்ஹோமில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், காலை மூன்றரைக்கே சூரியன் வந்துவிடும். கோடை முழுக்க பகல் வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 22 டிகிரிதான். ஜூனில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நடுக்கோடைத் திருவிழா தொடங்கும். அன்றும் மறுநாளும் பல கடைகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும். உங்கள் கப்பல் அந்த நாளில் ஸ்டாக்ஹோமிலோ ஹெல்சிங்கியிலோ நின்றால் வேறு தேதி பாருங்கள். பள்ளி விடுமுறை முடிந்த ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும் இருவர் மட்டும் போவதற்கு நல்ல காலம்: கூட்டம் குறைவு, விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

பழைய வழிகாட்டிகளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் இந்தப் பயணத்தின் உச்சமாக எழுதப்பட்டிருக்கும். 2022க்குப் பிறகு பெரிய க்ரூஸ் நிறுவனங்கள் அங்கே போவதில்லை. அந்த நாட்களை இப்போது ரீகா, விஸ்பி, போலந்தின் க்டினியா போன்ற ஊர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

படி 2: துறையின் பெயரைப் படியுங்கள்

பயணத்திட்டத்தில் ஊர்ப்பெயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் துறையின் பெயர் இருக்கும். இல்லையென்றால் முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டாக்ஹோம் என்று போட்டிருந்தால் மூன்று வாய்ப்பு உண்டு. ஸ்டாட்ஸ்கோர்டன் என்றால் அதிர்ஷ்டம், கால் மணி நடையில் ஸ்லுசன் சந்திப்பு, அதை ஒட்டிப் பழைய நகரம். ஃப்ரிஹாம்னன் என்றால் பஸ் பிடிக்க வேண்டும். நீனேஸ்ஹாம்ன் என்றால் நீங்கள் ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறீர்கள். உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம். காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்பும் கப்பல் என்று வையுங்கள். இறங்கி ரயிலடி போக முக்கால் மணி, ரயில் ஒரு மணி, திரும்ப அதே அளவு, மேலே ஒரு மணி நேரம் கைவசம். நகரத்தில் மிஞ்சுவது நாலரை மணி நேரம்.

நீனேஸ்ஹாம்னில் இன்னொரு இழப்பும் உண்டு. நகரத்துக்குள் வரும் கப்பல், சுமார் 30,000 தீவும் பாறைத்திட்டும் சிதறிக் கிடக்கும் நீர்வழியில் மணிக்கணக்கில் மெதுவாக ஊர்ந்து வரும். சில இடங்களில் கரையிலுள்ள சிவப்பு மரவீட்டின் வாசலில் காப்பி குடிப்பவரின் முகம் தெரியும் அளவுக்கு நெருங்கும். எட்டு மணிக்குத் துறை சேரும் என்றால் ஐந்து மணிக்கே கம்பளியோடு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். முழுப் பயணத்திலும் பார்க்கத் தகுந்த காட்சி இதுதான். இதற்குத் தனி டிக்கெட்டும் கிடையாது. இரண்டு திட்டங்களின் விலை கொஞ்சம்தான் வித்தியாசப்படுகிறது என்றால் ஸ்டாட்ஸ்கோர்டன் உள்ளதை எடுங்கள்.

க்டான்ஸ்க் என்றாலும் கப்பல் பெரும்பாலும் நிற்பது க்டினியாவில். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். தாலினில் பிரச்சினையே இல்லை, துறையிலிருந்து நடந்தே போகலாம்.

படி 3: கேபின்

விலை எப்போதும் 'ஒருவருக்கு, இருவர் ஒரு அறையில்' என்ற கணக்கில் இருக்கும். இரண்டால் பெருக்கி, அதன்மேல் துறைக்கட்டணமும் வரியும் சேர்த்த மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

தளங்களில் கீழ்ப்பகுதியில், கப்பலின் நடுவில் இருக்கும் அறைதான் ஆட்டம் குறைந்தது. நடன அரங்குக்குக் கீழேயும், காலையில் நாற்காலி இழுக்கும் நீச்சல்குளத் தளத்துக்குக் கீழேயும் அறை வேண்டாம். பால்கனி தேவையா? பால்டிக்கில் காற்று குளிர்ந்தே அடிக்கும், பகல் முழுக்க ஊரில்தான் இருப்பீர்கள். அந்தப் பணத்தைக் கரையில் செலவழிப்பதே மேல். ஜன்னல் மட்டும் உள்ள அறை போதும். ஜன்னலே இல்லாத உள்ளறையிலும் ஒரு நன்மை உண்டு: நாலு மணி வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்காது. மற்ற அறைகளுக்குக் கண்ணை மறைக்கும் பட்டை எடுத்துப்போங்கள்.

படுக்கையை ஒன்றாகச் சேர்த்துப் போட வேண்டுமா, இரண்டாகப் பிரித்தா என்று பதிவிலேயே குறிப்பிட வேண்டும். சாப்பாட்டு அறையில் இருவர் மேஜை வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எட்டுப் பேர் மேஜையில் உட்கார வைத்துவிடலாம்.

படி 4: விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்குத் தேவையில்லை. எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். அதிக நாள் தங்கும் நாடு; அது சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கோபன்ஹேகனில் முன்னும் பின்னும் ஓரிரவு தங்கிக் கப்பல் ஏறுபவர்களுக்கு இது டென்மார்க் என்றுதான் வரும். வழியில் ஷெங்கனுக்கு வெளியே, உதாரணமாக ஓர் இங்கிலாந்துத் துறையில், கப்பல் நிற்குமானால் பலமுறை நுழையும் விசா கட்டாயம். பிரிட்டன் விசா தனியாக வேண்டுமா என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

கணவன், மனைவி ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பெரியவர்களுக்கு 90 யூரோ. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறிய பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஒருவரின் செலவை மற்றவர் ஏற்கிறார், பாஸ்போர்ட்டில் துணையின் பெயரும் இல்லை என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழையும் வையுங்கள்.

தேதிக் கணக்கு இப்படி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். கப்பல் நிறுவனங்கள் மீதிப் பணத்தைப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் முன்பே கேட்கும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பெருந்தொகை போய்விடும். அதனால் விண்ணப்பம் திறந்தவுடன் கொடுத்துவிடுங்கள்; முழுப் பணம் கட்டும் நாளுக்கு முன் விசா கையில் இருக்கட்டும்.

படி 5: விலையில் இல்லாத செலவு

ஆளுக்கு, நாளுக்கு என்று சேவைப்பணம் தானாகக் கணக்கில் ஏறும்; இருவருக்கு ஏழு நாளில் அது கணிசமான தொகை. மதுபானத் தொகுப்பை ஒருவர் எடுத்தால் அதே அறையிலிருக்கும் இன்னொரு பெரியவரும் எடுத்தாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. ஒருவர் மட்டும் குடிப்பவரானால் தனித்தனியாக வாங்குவதே லாபம்.

கப்பல் கணக்குக்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் நாள்தோறும் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது திரும்பி வர ஊருக்கு வந்த பிறகும் நாளாகும். கரையில் கார்டு மெஷின் 'ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் இழப்பு. டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் குரோனர் உண்டு என்றாலும் இரண்டும் வேறு வேறு பணம். பின்லாந்து, எஸ்தோனியா, ஜெர்மனியில் யூரோ. நோட்டு மாற்றவே வேண்டாம். ஸ்டாக்ஹோமில் பல கடைகள் ரொக்கம் வாங்குவதே இல்லை.

போனைக் கப்பலில் ஏறியவுடன் ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கை அது தானாகப் பிடித்துக்கொண்டால் பில் பயங்கரமாக வரும்.

படி 6: பெட்டி

இருவர் துணியையும் இரண்டு பெட்டியிலும் பாதிப்பாதியாக அடுக்குங்கள். விமானத்தில் ஒரு பெட்டி தொலைந்தாலும் இருவருக்கும் மாற்றுடை இருக்கும். கப்பல் நாளுக்கொரு நாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், பெட்டி துரத்திப் பிடிப்பது கடினம். குடை வேண்டாம், கடற்காற்றில் மடங்கிப்போகும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ அவசியம். மின்கெட்டில், இஸ்திரிப்பெட்டி, சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். நெய், பால்கோவா போன்ற பால்பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, பருப்புப்பொடி போதும். சைவச் சாப்பாட்டுக்குப் பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். கப்பலில் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் அலங்கார இரவுக்குக் கோட்டு வாங்க வேண்டியதில்லை. பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் தாராளமாகப் போதும்.

படி 7: ஏறும் நாள்

ஒரு நாள் முன்பே கோபன்ஹேகன் போய்விடுங்கள். இணைப்பு விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் கால் மணியில் நகரம். இங்கேயும் துறையின் பெயர்தான் முக்கியம்: லாங்கெலீனியே, சிறிய கடற்கன்னிச் சிலைக்குப் பக்கம், ஓசியன்காய், வடக்கே தள்ளி. ஓசியன்காய்க்கு அருகிலுள்ள மெட்ரோ நிலையம் ஓரியன்ட்காய். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது இம்சை, டாக்சி எடுங்கள்.

பெரிய பெட்டிகளைத் துறையில் ஒப்படைத்தால் அறைக்கு வரச் சாயங்காலம்கூட ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், ஒரு ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும். அவசரகாலப் பயிற்சிக்கு இருவருமே போயாக வேண்டும். ஒருவர் போய்க் கையெழுத்துப் போட்டால் போதாது.

கிளம்பியதும் கப்பல் வடக்கே திரும்பினால் வழி தவறிவிட்டதோ என்று யோசிக்காதீர்கள். நேர் தெற்கேயுள்ள ட்ரோக்டன் கால்வாயின் ஆழம் சுமார் 8 மீட்டர்தான். பெரிய கப்பல்கள் கோபன்ஹேகன் இருக்கும் சீலாந்துத் தீவைச் சுற்றிக்கொண்டு, பெரிய பெல்ட் நீரிணையின் பாலத்துக்கு அடியில் புகுந்துதான் பால்டிக்குக்குள் வரும்.

படி 8: ஒவ்வொரு துறையிலும்

வார்னமுண்டே: பெர்லின் போக ஆசை என்றால் கப்பல் ஏற்பாடு செய்யும் பயணத்திலேயே போங்கள், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் காத்திருக்காது. எங்கள் பரிந்துரை பெர்லினை விட்டுவிடுவதே. ஆறு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் நகரம் பார்ப்பதில் சுகமில்லை. ரயில் நிலையம் துறையை ஒட்டியே இருக்கிறது, இருபது நிமிடத்தில் ரோஸ்டாக். இல்லாவிட்டால் கடற்கரையில் இருவர் உட்காரும் கூரை வைத்த பிரம்பு நாற்காலியை வாடகைக்கு எடுங்கள். காற்றைத் தடுக்கும் இந்த நாற்காலியை 1882இல் செய்தவர் ரோஸ்டாக்கைச் சேர்ந்த பார்ட்டல்மான் என்ற கூடை முடைபவர்.

தாலின்: சுற்றுலாக் குழுக்கள் கிளம்பும் முன் முதலில் மேட்டுக்கு, தூம்பேயாவுக்கு, ஏறிவிடுங்கள். கோஹ்தூஒட்ஸா மேடையிலிருந்து சிவப்பு ஓடுகளும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கவே இடமிருக்காது. பிறகு படியிறங்கி நகர மன்றச் சதுக்கம். அங்குள்ள மருந்துக்கடை 1422 முதல் ஆவணங்களில் உண்டு, இன்றும் மருந்து விற்கிறது. தெருவெல்லாம் உருண்டைக்கல், மழையில் வழுக்கும், குதிகால் செருப்பில் கணுக்கால் பிசகும்.

ஹெல்சிங்கி: பெரிய கப்பல்கள் ஹெர்னேசாரி துறையில் நிற்கும், 14ஆம் எண் பஸ் நகர நடுவுக்குப் போகும். பஸ்ஸில் டிரைவர் டிக்கெட் தரமாட்டார், நகரப் போக்குவரத்து நிறுவனமான எச்.எஸ்.எல்.-இன் செயலியில் ஆளுக்கு ஒரு ஏபி (ஏ, பி மண்டல) நாள் டிக்கெட் முன்பே வாங்குங்கள். சந்தைச் சதுக்கத்திலிருந்து சுவோமன்லின்னா கோட்டைத் தீவுக்குப் போகும் படகுக்கும் அதே டிக்கெட் செல்லும். சந்தையில் ரை என்ற தானிய மாவு ஓட்டுக்குள் சோற்றுக்கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பலகாரம் கிடைக்கும். மேலே தடவும் வெண்ணெயில் முட்டை உண்டு. சைவர்கள் அது வேண்டாமென்று சொல்லுங்கள்.

ஸ்டாக்ஹோம்: ஸ்லுசனிலிருந்து படகில் யூர்கோர்டன் தீவு, வாசா அருங்காட்சியகம் அங்கே. 1628இல் முதல் பயணத்திலேயே மேல்பாரம் தாங்காமல் கவிழ்ந்த வாசா போர்க்கப்பல், 1961இல் மேலே எடுக்கப்பட்டது, அதைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். திறந்தவுடன் போங்கள். உள்ளே 18 முதல் 20 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். ஒருவருக்கு அருங்காட்சியகத்தில் ஆர்வமில்லை என்றால் பிரிந்து போவதில் தவறில்லை. திரும்பிச் சேரும் இடம், நேரம் இரண்டையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போன் சார்ஜை நம்ப வேண்டாம்.

படி 9: கடிகாரம்

பின்லாந்தும் எஸ்தோனியாவும் டென்மார்க், ஸ்வீடன், ஜெர்மனியைவிட ஒரு மணி நேரம் முன்னால். கப்பலில் அறிவிக்கும் நேரமே கணக்கு. வார்னமுண்டேயிலிருந்து தாலினுக்குப் போகும்போது கடிகாரத்தை முன்னால் தள்ள மறந்தால் ஒரு மணி நேரம் தாமதமாகத் துறைக்கு வருவீர்கள். ஹெல்சிங்கியிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு வரும்போது பின்னால் தள்ள மறந்தால் ஒரு மணி முன்பே வந்துவிடுவீர்கள், நஷ்டமில்லை. போன் தானாக மாறும். சில சமயம் மாறாது. ஒருவராவது கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள். கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பாவது ஏறும் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். தினமும் அறைக்கு வரும் தாளில் துறை முகவரின் தொலைபேசி எண் இருக்கும். இறங்குமுன் படமெடுத்து வையுங்கள்.

படி 10: கடைசி இரவு

பெட்டிகளுக்குக் கலர் அட்டை கட்டி, அறிவித்த நேரத்துக்குள் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். மறுநாள் போடும் உடை, செருப்பு, பாஸ்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டுங்கள். கணக்குத் தாளை அன்றிரவே வரிவரியாகப் பாருங்கள். காலையில் வரவேற்பு மேஜையில் வரிசை நீளமாக நிற்கும். திரும்பும் விமானம் மதியம் ஒரு மணிக்கு மேல் இருக்கட்டும். ஏழு மணிக்குக் கப்பல் வந்தாலும் உங்கள் கலரைக் கூப்பிட ஒன்பது, ஒன்பதரை ஆகலாம்.