வேர்டும் எக்செலும் ஒரே கோப்பில்: ஒட்டும்போது நடக்கும் தவறுகள்

ஆண்டறிக்கை வேலை என்றால் எங்கள் டிடிபி சென்டருக்கு மூன்று கோப்புகளாவது வரும். செயலாளரின் அறிக்கை வேர்டில் இருக்கும். பொருளாளரின் வரவு செலவு எக்செலில் இருக்கும். உறுப்பினர் பட்டியல் இன்னொரு எக்செலில். "எல்லாத்தையும் ஒரே ஃபைலா போட்டுக் குடுத்துடுங்க" என்பார்கள். அரை மணி நேர வேலை என்றுதான் தோன்றும். ஆனால் அச்சான புத்தகத்தில் பழைய மொத்தத் தொகை நிற்பது, பெயர்ப் பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்துகளாக மாறிக் கிடப்பது, வெளியே போகக் கூடாத ஷீட் ஒன்று கோப்போடு சேர்ந்து போவது, இவை எல்லாம் இந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கின்றன.

இரண்டு வகைக் கோப்புகளையும் அப்படியே ஒரு கட்டாகக் கட்டித் தரும் வசதி முன்பு இருந்தது. ஆபீஸ் 95 முதல் ஆபீஸ் 2000 வரை பைண்டர் என்று ஒரு மென்பொருள் கூடவே வரும். வேர்டு வேர்டாகவும் எக்செல் எக்செலாகவும் உள்ளே இருக்கும். அடுத்து வந்த ஆபீஸ் எக்ஸ்பியில் அதை எடுத்துவிட்டார்கள். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் அதுபோன்ற வசதி கிடையாது. அதனால் இன்று ஒன்றாக்குவது என்றால் பெரும்பாலும் ஒன்றை இன்னொன்றுக்குள் ஒட்டுவதுதான். ஒட்டும்போது அங்கே என்ன வந்து உட்கார்ந்தது என்று பார்க்காமல் விடுவதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எக்செலில் பத்து வரிசைகளைக் காப்பி செய்து வேர்டில் ஒட்டுகிறீர்கள். அட்டவணை வந்துவிட்டது. அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, வெறும் எழுத்து அட்டவணை. எண்கள் இருக்கும், சூத்திரம் இருக்காது. இரண்டு, எம்பெட் ஆன கணக்குத்தாள். அதாவது எக்செலின் நகல் ஒன்று ஆவணத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. மூன்று, லிங்க். படம் மட்டும் இங்கே, சரக்கு அந்த எக்செல் கோப்பில். திரையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அட்டவணை மேல் இரண்டு முறை கிளிக் செய்து பாருங்கள். கர்சர் கட்டத்துக்குள் நின்று மினுக்கினால் வெறும் அட்டவணை. ஆவணத்தின் நடுவிலேயே ஏ, பி, சி என்று நெடுவரிசைத் தலைப்பும் இடப்பக்கம் 1, 2, 3 என்று வரிசை எண்ணும் முளைத்தால் எம்பெட். மூல எக்செல் கோப்பே தனியாகத் திறந்தால் லிங்க்.

இதைப் பார்க்காமல் விட்டதில் நான் பட்டது ஒன்று உண்டு. ஒரு குடியிருப்போர் சங்கத்தின் அறிக்கை. எல்லாம் முடிந்த பிறகு பொருளாளர் வந்து மின்கட்டணத்தில் ஒரு மாதம் விட்டுப்போனதைத் திருத்தினார். எக்செலில் மொத்தம் மாறியது, சேமித்தோம். வேர்டில் நான் ஒட்டியிருந்தது வெறும் அட்டவணை. லிங்க் என்று நம்பிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினேன். 300 பிரதிகளிலும் பழைய தொகை. செயலாளரின் அறிக்கை ஒரு தொகை சொல்ல, கணக்கு வேறு தொகை சொல்ல, பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அன்றிலிருந்து கன்ட்ரோல்-வி அழுத்துவதை நிறுத்திவிட்டேன். வேர்டில் கன்ட்ரோல்-ஆல்ட்-வி, வேர்டுக்கு இணையான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி. இரண்டுமே பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டியைத் திறக்கும், எப்படி ஒட்டுவது என்று நம்மையே கேட்கும். கணக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்றால் லிங்க். தணிக்கை முடிந்து கையெழுத்தாகிவிட்டது என்றால் வெறும் அட்டவணை. எம்பெட்டை நான் அநேகமாகத் தொடுவதே இல்லை. காரணம் இருக்கிறது.

வேர்டில் எக்செல் ஒர்க்‌ஷீட் ஆப்ஜெக்ட் என்று ஒட்டினால், நீங்கள் தேர்ந்தெடுத்த பத்து வரிசைகள் மட்டும் போவதில்லை. அந்த எக்செல் கோப்பு முழுவதும், எல்லா ஷீட்டுகளோடும் உள்ளே போகிறது. கண்ணுக்குப் பத்து வரிசைதான். ஆனால் பெறுபவர் இரண்டு முறை கிளிக் செய்தால் கீழே ஷீட் பெயர்கள் வரிசையாகத் தெரியும்: சம்பளம், பாக்கிதாரர்கள், தொலைபேசி எண்கள். சந்தேகமாக இருந்தால் வேர்டு கோப்பின் நகலை எடுத்து, அதன் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வால்பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். வேர்டு என்ற ஃபோல்டருக்குள் எம்பெடிங்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருந்தால், அதில் முழு எக்செல் கோப்பும் அப்படியே கிடக்கும். லிப்ரே ஆபீஸில் ஓஎல்இ ஆப்ஜெக்ட் (எம்பெட் செய்யும் வசதி) வழியாகக் கோப்பிலிருந்து சேர்த்தாலும் முழுக் கோப்பும்தான் போகும்.

இது வீண் பயம் இல்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை ஒரு தகவல் உரிமைக் கேள்விக்குப் பதிலாக எக்செல் கோப்பு ஒன்றைக் கொடுத்தது. அதில் மறைந்திருந்த ஒரு ஷீட்டில் 9,483 காவலர்கள், பணியாளர்களின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பொறுப்பு எல்லாம் இருந்தன. உயிருக்கே ஆபத்தான தகவல். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024-ல் 7,50,000 பவுண்ட் அபராதம் விதித்தது. மறைப்பது வேறு, நீக்குவது வேறு. எம்பெட் செய்தே ஆக வேண்டும் என்றால், தேவையான அந்த ஒரு பகுதியை மட்டும் புது எக்செல் கோப்புக்கு மதிப்புகளாக மாற்றி, அங்கிருந்து ஒட்டுங்கள்.

லிங்க்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூலக் கோப்பு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழு முகவரியையும் வேர்டு எழுதி வைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் வைத்து லிங்க் கொடுத்துவிட்டு, அப்புறம் பென் டிரைவுக்கு மாற்றினால் அது பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்து, பெயரையும் முடிவு செய்துவிடுங்கள். வெளியே அனுப்பும் பிரதியில் லிங்க்கை அறுத்துவிட வேண்டும். ரைட்டரில் எடிட் மெனுவில் வெளிக்கோப்பு லிங்க்குகள் பட்டியல் இருக்கிறது. வேர்டில் ஃபைல், இன்ஃபோ பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கிறது. அறுத்ததும் கடைசியாக இருந்த எண்கள் நிலைத்துவிடும். லிங்க் உள்ள பிரதியை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த திருத்தம் வராமல் இருக்காது.

சரி, எழுத்துப் பகுதிக்கு வருவோம். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு, ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி இங்கே உண்டு. ஒருவர் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் தட்டியிருப்பார், இன்னொருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில். பாமினி கோப்புக்குள் உண்மையில் தமிழே கிடையாது. 'அம்மா' என்று நாம் பார்ப்பது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு ஆவணங்களையும் சேர்த்துவிட்டு, சீராக இருக்கட்டும் என்று முழுவதையும் தேர்ந்தெடுத்து லதாவுக்கோ நிர்மலாவுக்கோ மாற்றினால் போர்வை போய்விடும். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சும்.

சேர்ப்பதற்கு முன்பே பாமினி கோப்பை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் அப்படியே நம்பவும் கூடாது. நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்றே நினைத்து மாற்றிவிடும். ஆங்கிலத்தில் இருந்த ஜிஎஸ்டி 'புளுவு' என்று வந்து நிற்கும். கணக்கறிக்கையில் 'புளுவு ரூ.18,000' என்று படித்தால் யாருக்கு என்ன புரியும்? மாற்றிய பிரதியைப் பழைய அச்சுப் பிரதியோடு வைத்து ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் பல வருடம் நம்மிடம் வந்துகொண்டுதான் இருக்கும்.

வேர்டு ஆவணங்களைச் சேர்க்கும்போது ஸ்டைல், அதாவது தலைப்புக்கும் பத்திக்கும் பெயரிட்டு வைக்கும் தோற்ற அமைப்பு, பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கோப்புகளிலும் ஹெடிங் 1 இருந்தால், சேர்க்கப்படும் கோப்பு தன் தோற்றத்தை இழந்து, வாங்கிக்கொள்ளும் கோப்பின் தோற்றத்துக்கு மாறிவிடும். ஸ்டைலை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இது வரம். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, கையால் அலங்கரித்தவருக்கு எதுவும் மாறாது, பொருளடக்கமும் வராது. ரைட்டரில் பல அத்தியாயம் உள்ள பெரிய வேலை என்றால், தனித்தனிக் கோப்புகளை ஒரே ஆவணமாகக் கோக்கும் மாஸ்டர் டாக்குமென்ட் நன்றாகவே வேலை செய்கிறது. வேர்டின் மாஸ்டர் டாக்குமென்டை மட்டும் நான் நம்ப மாட்டேன். அங்கே இன்செர்ட் மெனுவில் ஆப்ஜெக்ட் பக்கத்து அம்பில் உள்ள டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல் போதும்.

எக்செலை எக்செலோடு சேர்ப்பது இன்னும் சூதானமாகச் செய்ய வேண்டிய வேலை. இங்கே தவறு நடந்தால் பக்கம் அலங்கோலமாகாது, எண் தப்பாகும், யாருக்கும் தெரியாது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த சிஎஸ்வி (வெறும் எழுத்தாக உள்ள பட்டியல்) கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புக்குள் சேர்த்திருக்கிறார்கள். அந்த வடிவில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். புது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் 10,48,576. மிஞ்சியது சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. அந்தத் தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பது அத்தனை நாள் தள்ளிப்போனது.

நம் சங்கக் கணக்கில் 65,000 வரிசை வராது. ஆனால் ஆறு தெருக்களின் பட்டியலைச் சேர்த்தால், சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் எத்தனை வரிசை, சேர்த்த பின் எத்தனை என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஷீட்டின் அடியிலும் இருக்கும் 'மொத்தம்' வரிசையை எடுத்துவிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் கூட்டுத்தொகை இரட்டிப்பாகும். தேதி நெடுவரிசையில் சில தேதி வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் நிறுத்திவிடுங்கள். அந்தக் கணினி மாதத்தை முன்னால் வைத்துப் படித்திருக்கிறது. 25/04 என்பது தேதியாகவே ஏறாமல் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். 03/04 மட்டும் ஏப்ரல் 3 என்பதற்குப் பதில் மார்ச் 4 ஆகி வலப்பக்கம் ஒழுங்காக நிற்கும். ஒழுங்காகத் தெரிவதுதான் இதில் தப்பு. 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை எக்செல் தாங்காது, 16-வது இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்படிப்பட்ட எண்கள் வரும் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். யூனிகோடிலேயே 'கொ' என்பதை இரண்டு விதமாகத் தட்ட முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று. கண்ணுக்கு ஒன்றுதான், மென்பொருளுக்கு இரண்டு வேறு சொற்கள். பட்டியலில் 'கொளத்தூர்' இரண்டு முறை வருகிறதே என்று ஒரு முழு மதியம் தேடிய பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது.

அகலமான வரவு செலவு அட்டவணையை நெட்டுப் பக்கத்தில் திணித்து எழுத்தைப் பொடியாக்குவதும் அடிக்கடி பார்ப்பதுதான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் படுக்கையாக்கினால் தீர்ந்தது. வேர்டில் அதற்கு முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரேக், ரைட்டரில் முன்னால் லேண்ட்ஸ்கேப் என்ற பக்க ஸ்டைலோடு ஒரு பிரேக், பின்னால் பழைய பக்க ஸ்டைலோடு இன்னொரு பிரேக். அறிக்கையைப் படிப்பவர் வயதானவர், அவருக்கு எண் தெரிய வேண்டும்.

அப்புறம், இவ்வளவும் செய்யத் தேவையே இல்லாத வேலைகளும் உண்டு. அச்சடிக்கவோ அனுப்பவோ மட்டும்தான் என்றால், ஒட்டவே வேண்டாம். வேர்டைத் தனியாக, எக்செலைத் தனியாக பிடிஎஃப் ஆக்கி, பிடிஎஃப்சாம் போன்ற ஒன்றில் கணினியிலேயே சேர்த்துவிடலாம். சம்பளமும் கணக்கும் உள்ள கோப்பை ஏதோ ஒரு இலவச இணையதளத்தில் ஏற்றிச் சேர்க்காதீர்கள். எக்செலை பிடிஎஃப் ஆக்கும் முன் பிரின்ட் ஏரியாவைக் குறித்து, அகலம் ஒரு பக்கம் என்று வையுங்கள். இல்லையென்றால் கடைசி நெடுவரிசை மட்டும் தனித் தாளில் போய் விழும். பெரும்பாலும் அந்தக் கடைசி நெடுவரிசைதான் 'பாக்கி'.