என்எஃப்எஸ் ஷேரில் ஃபைல் லாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்எஃப்எஸ் என்பது ஒரு சர்வரிலுள்ள ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் பல மெஷின்கள் பகிர்ந்துகொள்ளும் முறை. ஒரே ஃபைலில் ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் எழுதாமல் தடுப்பது லாக். இதில் பெர்மிஷன், பாத் தவறுகளை நீங்களே பிடித்துவிடுவீர்கள். புதிதாக லினக்ஸ் சர்வர் வேலைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் மற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

நோலாக் போட்டு எர்ரரை மறைப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். என்எஃப்எஸ் வெர்ஷன் 3-இல் லாக் வேலையைத் தனி நெறிமுறை பார்க்கிறது. அதற்கு ஸ்டாட்டி (rpc.statd) என்ற பின்னணி புரோகிராம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், ஷேரை இணைக்கும் மவுன்ட் கமாண்ட் மறுத்துவிட்டு, 'நோலாக் ஆப்ஷன் போடு, அல்லது ஸ்டாட்டியைத் தொடங்கு' என்று இரண்டு வழி சொல்கிறது. எல்லோரும் முதல் வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எர்ரர் போய்விடும், புரோகிராமும் ஓடும். ஆனால் லாக் அந்த மெஷினுக்குள் மட்டும்தான். பக்கத்து மெஷினுக்கு அது தெரியவே தெரியாது.

ஓரிடத்தில் இரண்டு சர்வர்கள் இப்படி ஒரே கியூ ஃபைலை (வரிசையாக முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல்) எடுத்துக்கொண்டிருந்தன. இரண்டுக்குமே லாக் கிடைத்தது, இரண்டுமே எழுதின. சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒரு எர்ரர்கூட இல்லை. ஃபைலுக்குள் பாதிப் பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பேக்கப்பும் அதே சிதைந்த ஃபைலைத்தான் நாள்தோறும் காப்பி எடுத்து வைத்திருந்தது. தொலைந்த பதிவுகள் தொலைந்தவைதான்.

சோதிப்பது எளிது. ஒரு மெஷினில் எஃப்லாக் கமாண்டால் ஷேரிலுள்ள ஒரு ஃபைலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்ததில் காத்திருக்காத ஆப்ஷனோடு அதே ஃபைலைக் கேளுங்கள். அங்கேயும் கிடைத்தால் உங்கள் லாக் வெறும் பேருக்குத்தான். மவுன்ட் ஆப்ஷன்கள் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நோலாக் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். முடிந்தால் வெர்ஷன் 4-க்கு மாறுங்கள். அதில் லாக் நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது, ஃபயர்வாலில் 2049 போர்ட் திறந்தால் போதும். வெர்ஷன் 3-லேயே இருக்க வேண்டுமென்றால் லாக் வேலையைப் பார்க்கும் லாக்டி, ஸ்டாட்டி இரண்டின் போர்ட்களையும் மாறாதபடி நிலையாக வைத்து, 111 போர்ட்டையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள்.

பொறுமையின்றி மறுபடி ரீஸ்டார்ட்

என்எஃப்எஸ் சர்வர் எழுந்ததும், பழைய கிளையண்ட்கள் (ஷேரைப் பயன்படுத்தும் மெஷின்கள்) தங்கள் லாக்கைத் திரும்பக் கேட்க அவகாசம் தரும். லினக்ஸில் வழக்கமாக 90 விநாடி. அதற்குள் புது லாக் கேட்டால் தொங்கும். சரி, இன்னொரு ரீஸ்டார்ட் என்று போனால் அவகாசமும் முதலிலிருந்து தொடங்கும்.

டாட் என்எஃப்எஸ் ஃபைல்களை அழிப்பது

திறந்திருக்கும் ஃபைலை அழித்தால், கிளையண்ட் அதை .nfs என்று தொடங்கும் பெயரில் வைத்திருக்கும். அது கிடந்தால் யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அழிக்காமல், எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டை அந்தக் கிளையண்டிலேயே ஓட்டி ஆளைக் கண்டுபிடியுங்கள்.

எஸ்கியூலைட் வால் மோட்

எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸ், மாற்றங்களை முதலில் ஒரு தனி ஃபைலில் எழுதும் முறை இது. நெட்வொர்க் ஷேரில் வேண்டவே வேண்டாம்.