அரிப்பெல்லாம் அலர்ஜி இல்லை: ஒரு தோட்டத்து டிரெசர் சொல்வது

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜனங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும், "ஐயா, அலர்ஜிக்கு ஒரு மாத்திரை சொல்லுங்க" என்று வாசலில் நிற்பது குறையவில்லை. மாத்திரை இருக்கட்டும். எங்கே அரிக்கிறது, எந்த நேரத்தில், வீட்டில் வேறு யாருக்கும் உண்டா? இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் தெரிந்து, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்தால் அது சிரங்கு. கிளினிக்கில் காட்டி, வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் என்ற சிரங்கு மருந்தைப் பூச வேண்டும். வட்டமாக, ஓரம் சிவந்து, நடு தெளிந்து பரவினால் படை. அதன் மேல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பெயரில்லாத களிம்பைத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் அரிப்பு அடங்கும், படை பரவிக்கொண்டே போகும்.

கழுத்தில் சூடு இழுத்ததுபோல் ஒரு கோடு எரிகிறதா? செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரத்து வீடென்றால் செமுட் சார்லியைச் சந்தேகப்படுங்கள். பெயர்தான் எறும்பு, உண்மையில் ஆரஞ்சும் கறுப்புமான சின்ன வண்டு, விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை. நாம் நசுக்கும்போது கசியும் நஞ்சுதான் தோலைப் பொசுக்குகிறது. மேலே ஏறினால் ஊதித் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அலர்ஜித் தடிப்பு வேறு மாதிரி. காலையில் முதுகில் இருக்கும், மாலையில் தொடைக்குப் போய்விடும். ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவது அரிது. கவரிங் தோட்டுக்குக் காதுமடல் புண்ணாவது நிக்கலால். தீபாவளிக்கு முன் தலைக்குச் சாயம் பூசி முகம் வீங்கி வருகிறவர்களும் உண்டு. கறுப்புச் சாயத்தை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசினால் என்ன அவசரம் கெட்டுவிடும்?

உதடோ நாக்கோ வீங்கி, மூச்சு இளைத்து, தலை சுற்றினால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தெளிந்த நீர் ஒழுகல் என்றால் பெரும்பாலும் மெத்தைத் தூசிப்பூச்சிதான் காரணம். கண்ணுக்குத் தெரியாது. நம் தோல் செதிலைத் தின்று, இந்த ஊர் ஈரப்பதத்தில் சுகமாக வளர்கிறது. தாத்தா காலத்துக் கெக்காபு (இலவம்பஞ்சு) தலையணையைத் தூக்கிப் போடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்; குளிர்ந்த நீரில் அழுக்கு போகும், பூச்சி சாகாது. சாம்பிராணியை வாசலில் காட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

மூக்கு ஸ்பிரேயைப் பலரும் தலையை அண்ணாந்து அடித்து, தொண்டைக்குள் உறிஞ்சிவிட்டு, "கேக்கல ஐயா" என்கிறார்கள். சற்றுக் குனியுங்கள். வலக்கையால் இடது நாசி, இடக்கையால் வலது நாசி. நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப்பக்கம் பார்க்கட்டும். மெல்ல மூச்சிழுத்தால் போதும். ஸ்டீராய்டு ஸ்பிரே தினமும் அடித்தால்தான் வேலை செய்யும்; முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் மூக்கில் விட்டுக்கொண்டே இருந்தால், விடாத நேரமெல்லாம் மூக்கு அடைக்கத் தொடங்கிவிடும்.

மாத்திரையில் லோராடடின், செட்டிரிசின் இரண்டும் நாளுக்கு ஒன்று போதும்; செட்டிரிசின் சிலரைத் தூங்க வைக்கும். சின்ன மஞ்சள் மாத்திரையான குளோர்பெனிரமின் கண்ணைச் சொக்க வைக்கும். லோரி ஓட்டுகிறவரும் புல் மிஷின் தூக்குகிறவரும் அதைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கேட்காமல் எதையும் விழுங்கக் கூடாது.

இரண்டு கண்ணும் அரித்து நீர் வடிந்தால், சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமை மேல் வையுங்கள். கசக்கக் கசக்க அரிப்பு ஏறும். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த சொட்டு மருந்து எவ்வளவு நன்றாகக் கேட்டதாகச் சொன்னாலும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.